லவுத்துக்குக் கோப்பை, மீத்துக்கு ஜூலை: 2025 லென்ஸ்டரில் யாருடைய ஆண்டு பெரியது?

அட்டவணைக்காரன் | 14 ஜூலை 2025, காலை 8.40

நேற்று டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் டோனகல் 3-26, மீத் 0-15. பெரிய அடிதான், மறுக்கவில்லை. ஆனாலும் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் இந்த வருடம் நாடு தழுவிய அகில அயர்லாந்துப் போட்டியின் அரையிறுதி வரை வந்த ஒரே லென்ஸ்டர் மாகாண அணி மீத்தான். ஏப்ரலில் டப்ளினை வீழ்த்தினார்கள். ஜூனில் கெர்ரியை 1-22க்கு 0-16 என்று வென்றார்கள். காலிறுதியில் கோல்வேயை ஒரே பாயிண்டில் வெளியேற்றினார்கள், 2-16க்கு 2-15.

சரி, லென்ஸ்டர் சாம்பியன் யார்? லவுத். மே 11 அன்று இதே மீத்தை 3-14க்கு 1-18 என்று வென்று டிலேனி கோப்பையைத் தூக்கியவர்கள். அதற்குப் பிறகு மோனஹனிடமும் டவுனிடமும் தோற்றார்கள், கிளேரை மட்டும் வென்றார்கள், ஜூனில் டோனகலிடம் தோற்று வீட்டுக்குப் போனார்கள்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். மாகாணப் போட்டி என்பது இன்று அகில அயர்லாந்துக்குள் நுழைய ஒரு வாசல், அவ்வளவுதான். அதுவும் கோணல் வாசல். அல்ஸ்டர் மாகாணத்தில் 9 கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள். லென்ஸ்டரில் 12, அதில் கில்கெனி கால்பந்துக்கு அணியே அனுப்புவதில்லை, ஆக 11. மன்ஸ்டரில் 6. கானாக்ட்டில் 5, கூடவே லண்டனும் நியூயார்க்கும். அளவும் பலமும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தாத நான்கு போட்டிகளில் இறுதிக்கு வருகிற எட்டு அணிகளுக்கும், அகில அயர்லாந்தின் சாம் மக்வயர் கோப்பைக்கு மோதும் பதினாறு அணிகளில் நேரடி இடம். மன்ஸ்டரில் 1935க்குப் பிறகு கெர்ரி, கார்க் இரண்டையும் விட்டால் வென்றவர்கள் 1992ல் கிளேர், 2020ல் டிப்பரரி, அவ்வளவே. இந்த மே மாத இறுதியில் கெர்ரி 4-20, கிளேர் 0-21. லென்ஸ்டரிலோ 2011 முதல் 2024 வரை பதினான்கு வருடமும் டப்ளின்.

ஜி.ஏ.ஏ. என்கிற கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் 2021 அக்டோபர் சிறப்பு மாநாட்டில், வருடத் தொடக்கத்தில் தரம் பிரித்து ஆடும் லீக்கையே கோடையின் பிரதானப் போட்டியாக்கி மாகாணப் போட்டிகளை வசந்த காலத்துக்கு நகர்த்தும் 'திட்டம் பி' வாக்கெடுப்புக்கு வந்தது. 50.6 சதவீதம் ஆதரவு கிடைத்தது. 60 வேண்டும் என்பதால் விழுந்தது. அன்று பாதிக்கு மேல் பேர் சொன்னதைத்தான் நானும் இன்று சொல்கிறேன்.

நாவன்வாசி அண்ணா, மீத் ஆதரவாளரான உங்களிடம் ஒரு நேரடிக் கேள்வி. உங்கள் ஜூலையைக் கொடுத்துவிட்டு லவுத்தின் மே மாதத்தை வாங்கிக்கொள்வீர்களா? மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பாய்ன்கரை | 14 ஜூலை, இரவு 9.55

தம்பி, டூட்டி முடிந்து வந்து இப்போதுதான் படித்தேன். நீங்கள் போட்ட ஸ்கோரில் பிழை இல்லை. ஆனால் லவுத் 'வீட்டுக்குப் போனார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வீடு இருக்கிற இடத்தில்தான் நான் 16 வருடமாக இருக்கிறேன். டிரோகெடா. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்திலேயே பரப்பளவில் சிறிய கவுண்டி லவுத். 1957ல் கடைசியாக லென்ஸ்டரை வென்றார்கள். அதே வருடம் கார்க்கை 1-9க்கு 1-7 என்று வென்று அகில அயர்லாந்தையும் எடுத்தார்கள். அப்போதைய கேப்டன் டெர்மட் ஓ'பிரையன் அக்கார்டியன் கலைஞர், இசைக்காகவும் நாடறிந்தவர். அதன் பிறகு ஒன்றும் இல்லை. 1960ல் ஒரு லென்ஸ்டர் இறுதி ஆடித் தோற்றார்கள். அடுத்த இறுதிக்கு ஐம்பது வருடம் ஆனது.

அந்த இறுதிதான் 2010 ஜூலை 11. நான் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, விளையாட்டின் விதிகளே சரியாகத் தெரியாது. வார்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கூடுதல் நிமிடங்களில் லவுத் ஒரு பாயிண்ட் முன்னால், 1-10க்கு 0-12. மீத்தின் ஜோ ஷெரிடன் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி விழுந்தார். விதிப்படி அது கோல் ஆகாது. நடுவர் கோல் கொடுத்தார். ஆட்டம் 1-12க்கு 1-10 என்று மீத்துக்குப் போய்விட்டது. ஒரு பெரியவர், எண்பதைத் தொட்டவர், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம். பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன், பத்து நிமிடம் கழித்துத்தான் கொடுத்தேன். இந்த விளையாட்டு இவர்களுக்கு என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

அதன் பிறகு 2023. மிக்கி ஹார்ட் பயிற்சியில் இறுதிக்கு வந்தார்கள், டப்ளின் 5-21, லவுத் 0-15. இருபத்தொரு பாயிண்ட் வித்தியாசம். ஹார்ட் டெர்ரிக்குப் போய்விட்டார், எல்லாம் முடிந்தது என்று ஊரில் பேசினார்கள். ஜெர் பிரென்னன் வந்தார். 2024ல் மறுபடி இறுதி, மறுபடி டப்ளின், இந்த முறை 1-19க்கு 2-12. வித்தியாசம் நான்காகக் குறைந்திருந்தது. மூன்றாவது வருடம் மூன்றாவது இறுதி. எதிரில் டப்ளின் இல்லை, மீத். 2010ன் அதே மீத். கேப்டன் சாம் மல்ராய் மட்டும் 1-7.

மே 11 அன்று 65,000 பேருக்கு மேல் குரோக் பார்க்கில் இருந்தார்கள். முந்தைய வருட இறுதிக்கு அந்த அரங்கம் பாதிகூட நிறையவில்லை. நீங்கள் வாசல் என்று சொன்ன போட்டிக்கு வந்த கூட்டம் இது. வாசலைப் பார்க்க யாரும் குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிப் போவதில்லை.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. இருந்திருந்தால் அவரிடம் போய், 'டோனகலிடம் தோற்றதால் இந்த வருடம் உங்களுக்கு நஷ்டம்' என்று உங்களால் சொல்ல முடியுமா?

லிமரிக் மாணவன் | 15 ஜூலை, காலை 7.15

எல்லாருக்கும் வணக்கம், இங்கே வந்து பத்து மாதம்தான் ஆகிறது. அந்த 3-14, 1-18 எப்படிப் படிப்பது? 18 பெரியதுதானே, பிறகு எப்படி 14 எடுத்தவர்கள் வென்றார்கள்?

நாவன்வாசி | 15 ஜூலை, காலை 7.50

தம்பி, முதல் எண் கோல், இரண்டாவது பாயிண்ட். கம்பத்துக்கு மேலே அடித்தால் பாயிண்ட், கீழே வலைக்குள் அடித்தால் கோல். ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட். 3-14 என்றால் ஒன்பதும் பதினான்கும் இருபத்து மூன்று. 1-18 என்றால் இருபத்தொன்று. இரண்டு பாயிண்டில் நாங்கள் தோற்றோம். ரயன் பர்ன்ஸ், மல்ராய், கிரெய்க் லெனன் மூன்று பேரும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். எங்களுக்கு ஒன்றுதான் கிடைத்தது. பாயிண்டில் நாங்கள்தான் அதிகம்.

இந்த வருடம் இன்னொரு புது விதி. கோலிலிருந்து 40 மீட்டர் வளைவு ஒன்று போட்டிருக்கிறார்கள். அதற்கு வெளியே நின்று மேலே அடித்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு. ஸ்கோரில் தனியாகக் காட்ட மாட்டார்கள், பாயிண்டோடு கூட்டிவிடுவார்கள்.

மற்ற விஷயங்களுக்கு ராத்திரி வருகிறேன். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

ஹில்16 | 15 ஜூலை, மதியம் 1.20

டப்ளின்காரனாக ஒரு வார்த்தை. எங்கள் பதினான்கு வருடத்தைச் சொல்லும்போது ஏதோ திருடி எடுத்தது போல எல்லாரும் பேசுகிறீர்கள். 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு அகில அயர்லாந்து வென்ற அணி அது. மற்ற மூன்று மாகாணங்களின் அணிகளையும் அடித்துத்தான் வென்றார்கள்.

இந்த வருடம் நடந்தது என்ன? பிரையன் ஃபென்டன், ஜேம்ஸ் மெக்கார்த்தி, மைக்கேல் ஃபிட்ஸிமன்ஸ் எல்லாரும் ஒரே குளிர்காலத்தில் ஓய்வு அறிவித்தார்கள். அந்த அணியின் நடு எலும்பே போனது. மீத்துடனான லென்ஸ்டர் அரையிறுதியை குரோக் பார்க்கிலிருந்து எடுத்து போர்ட்லீஷில் வைத்தார்கள். புது விதிகள் வேறு. மீத் முதல் பாதியிலேயே தூரத்திலிருந்து இரண்டு இரண்டாகச் சேர்த்து ஓடிவிட்டது. நாங்கள் விரட்டிப் பிடிக்கப் பார்த்தும் 0-23க்கு 1-16 என்று முடிந்தது. அந்த விதிகளை எழுதிய குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஜிம் கேவின், ஆறு கோப்பை எடுத்துக் கொடுத்த எங்கள் பழைய பயிற்சியாளர். லவுத்தின் ஜெர் பிரென்னனும் எங்கள் செயின்ட் வின்சென்ட்ஸ் கிளப் ஆள், 2011லும் 2013லும் டப்ளினுக்கு ஆடி அகில அயர்லாந்து வென்றவர். டப்ளினிடம் கற்றதை வைத்துத்தான் லென்ஸ்டர் எழுந்து நிற்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். எங்களிடம் இருபத்தொரு பாயிண்டில் தோற்ற பிறகுதான் லவுத் நான்கு பாயிண்டுக்கு வந்தது.

அதனால் அட்டவணைக்காரன் சொல்வதை நான் ஏற்கவில்லை. மாகாணப் போட்டியை நகர்த்தினால் சின்ன அணிகள் பெரிய அணியோடு மோதிக் கற்றுக்கொள்ளும் இடமே போய்விடும்.

அட்டவணைக்காரன் | 15 ஜூலை, மாலை 6.05

ஹில்16, நீங்கள் சொன்னதே என் வாதத்துக்குத்தான் உதவுகிறது. டப்ளின் விழுந்ததற்குக் காரணம் ஓய்வு, புது விதி, ஆடிய மைதானம். மாகாண அமைப்பு எதையும் சரி செய்யவில்லை. 2020 இறுதியில் டப்ளின் 3-21, மீத் 0-9. 2019ல் 1-17க்கு 0-4. இவற்றில் மீத் என்ன கற்றுக்கொண்டது? ஒரு தலைமுறைச் சிறுவர்கள், தங்கள் கவுண்டி ஒவ்வொரு கோடையும் நசுக்கப்படுவதைப் பார்த்தே வளர்ந்தார்கள். மக்கள்தொகையைப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பில் டப்ளின் 14 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல், லவுத் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம். பத்துக்கு ஒன்று. இதில் விளையாட்டு வளர்ச்சிக்கான பணமும் பல வருடம் டப்ளினுக்கே அதிகமாகப் போனது. அந்தப் பதினான்கு வருடத்துக்கு யார் பதில் சொல்வது?

பாய்ன்கரை அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்து நான் கல்லாக உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் 1957க்கும் 2010க்கும் நடுவில் பார்த்த வருடங்களையும் கணக்கில் சேருங்கள். அவருக்கு நல்ல கோடை வரவில்லை என்றால் அதில் இந்த அமைப்புக்கும் பங்கு உண்டு. லீக்கில் மீத்தும் லவுத்தும் ஒரே இரண்டாம் பிரிவில்தான் இருக்கின்றன. தரத்தில் தனக்குச் சமமானவர்களோடு கோடை முழுக்க ஆடினால் லவுத்துக்கு 68 வருடத்தில் எத்தனை நல்ல நாள் கிடைத்திருக்கும்?

இன்னொன்று. 2024ல் அகில அயர்லாந்து வென்றது ஆர்மா. அந்த வருடம் அல்ஸ்டர் இறுதியில் பெனால்டியில் தோற்றவர்கள் அவர்கள். 2023லும் பெனால்டி. இந்த மே மாதம் கூடுதல் நேரம் வரை போய் ஒரே பாயிண்டில் தோற்றார்கள், டோனகல் 2-23, ஆர்மா 0-28. அல்ஸ்டரை அவர்கள் கடைசியாக வென்றது 2008ல். மாகாணக் கோப்பை இல்லாமலே நாட்டின் பெரிய கோப்பையை எடுக்கலாம் என்றால், எது முக்கியம் என்பது தெரிந்துவிட்டதே.

கோல்வேக் காற்று | 15 ஜூலை, இரவு 8.30

தம்பி, ஆர்மாக்காரரிட்ட ஒருக்கா கேட்டுப் பாத்தனீங்களோ? என்னோட வேலை செய்யிற ஒருத்தர் ஆர்மா. போன வருசம் சாம் மக்வயர் எடுத்தவங்கள்தானே, இந்த வருசம் அல்ஸ்டர் இறுதி தோத்த பிறகு திங்கக்கிழமை அந்த மனுசன் வேலைக்கு வந்து ஆரோடையும் கதைக்கேல்லை. பெரிய கோப்பை வீட்டில இருக்கேக்கையும் இது வலிச்சது. உங்கட கணக்கில அந்த வலிக்கு ஒரு இடமும் இல்லை.

எங்கட கானாக்ட்டைப் பாருங்கோ. மே மாதம் மேயோவை 1-17க்கு 1-15 எண்டு வெண்டு தொடர்ந்து நாலாவது முறை எடுத்தனாங்கள். பிறகு மீத் எங்களைக் காலிறுதியில வெளிய அனுப்பினது. கவலைதான். ஆனா மேயோவை வெண்டதை ஆரும் திருப்பி எடுக்கேலாது. அதுவும் மேயோ. பக்கத்து வீட்டுக்காரனை வெல்லுறதும் தூரத்து ஊர்க்காரனை வெல்லுறதும் ஒண்டில்லை.

நியூயார்க்கையும் லண்டனையும் கோணல் எண்டு சொன்னியள். 2023ல பிராங்ஸில நியூயார்க், லீட்ரிமைப் பெனால்டியில வெண்டது. 1999ல இருந்து ஆடி வந்தவைக்கு அதுதான் முதல் வெற்றி. நாடு விட்டுப் போன சனம் தங்கட சனத்தோட வருசத்தில ஒருநாள் எண்டாலும் மோத ஒரு மைதானம் இருக்கு. எங்களைப் போல ஆக்களுக்கு அது என்னெண்டு விளங்க வேணும். லீட்ரிமும் 1927க்குப் பிறகு 1994லதான் கானாக்ட் எடுத்தது. அந்த ஊரில 1994 எண்டு சொன்னாலே போதும், கோப்பையின்ர பேரைச் சொல்லத் தேவையில்லை. இதை அட்டவணை போட்டு எப்பிடி அளப்பியள்?

நாவன்வாசி | 15 ஜூலை, இரவு 10.40

முதலில் 2010. அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. அது கோல் இல்லை. மீத் ஆதரவாளனாகச் சொல்கிறேன், அது கோல் இல்லை. நடுவரே பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் இறங்கி அவரை அடித்தவர்களும் உண்டு, அது லவுத்துக்கு ஒரு களங்கம் என்று லவுத்காரர்களே சொல்வார்கள். நடுவர் கொடுத்த முடிவை மாற்றி மறு ஆட்டம் வைக்க ஜி.ஏ.ஏ.வுக்கு விதியில் வழி இல்லை. மீத் முன்வந்து மறு ஆட்டம் தருகிறோம் என்று சொன்னால் மட்டுமே நடக்கும். மீத் சொல்லவில்லை.

அந்த வாரம் எங்கள் கிளப்பில் இதைப் பற்றி நடந்த பேச்சை நான் மறக்க மாட்டேன். ஒரு பக்கம், 'நடுவர் முடிவே முடிவு, நாளைக்கு நமக்கு எதிராக நடந்தால் யாராவது மறு ஆட்டம் தருவார்களா' என்றார்கள். இன்னொரு பக்கம், 'இந்தக் கோப்பையை எப்படிக் குழந்தைகளுக்குக் காட்டுவது' என்றார்கள். நான் அப்போது புதியவன், வாயைத் திறக்கவில்லை. இன்று கேட்டால் மறு ஆட்டம் கொடுத்திருக்க வேண்டும் என்பேன். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்த வருட லென்ஸ்டர் அரையிறுதியில் டப்ளினை 5-9க்கு 0-13 என்று வென்ற மீத் அணி நல்ல அணி. அவர்களுடைய அந்த வெற்றியைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. அந்த ஒரு நிமிடம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அடுத்து மீத், டப்ளினை வெல்வதற்கு 2025 ஏப்ரல் வரை ஆனது.

மே 11 அன்று நானும் குரோக் பார்க்கில் இருந்தேன். கடைசி ஊதல் வந்ததும் என் பக்கத்தில் இருந்த மீத்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எழுந்து நின்று கை தட்டினார். கண்ணில் நீர் இருந்தது. தோற்றதற்காக அழுதாரா, 2010க்காகவா, கேட்கவில்லை.

ஆனால் அக்கா, ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வருடக் கோப்பை 2010க்கு நியாயம் செய்துவிட்டது என்று டிரோகெடாவில் பலர் சொல்கிறார்கள். செய்யவில்லை. 2010ல் ஆடிய லவுத் பையன்கள் பதக்கம் இல்லாமலே ஓய்வு பெற்றார்கள். அந்தக் கடன் அப்படியே இருக்கிறது. 2025ல் வென்றது வேறு பையன்கள், தங்கள் சொந்த உழைப்பில். இரண்டையும் கலந்தால் இவர்களுடைய வெற்றியையும் குறைக்கிறோம், அவர்களுடைய இழப்பையும் குறைக்கிறோம்.

அட்டவணைக்காரன் தம்பி, உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று தெரியும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாய்ன்கரை | 16 ஜூலை, காலை 6.20

நாவன்வாசி அண்ணா, சரி. அதை ஏற்கிறேன். நியாயம் என்ற சொல்லை நானும் மே மாதம் பலமுறை பயன்படுத்தினேன். இனி யோசித்துச் சொல்கிறேன்.

தம்பிக்கு இரண்டு விஷயம். 'சமமானவர்களோடு ஆடினால் நல்ல நாள் கிடைக்கும்' என்கிறீர்கள். லீக்கில் லவுத் அதைத்தான் செய்கிறது, பனியிலும் மழையிலும் சமமானவர்களோடு ஆடி இரண்டாம் பிரிவில் நிலைத்து நிற்கிறது. அதற்கு எத்தனை பேர் போகிறார்கள்? நான் போயிருக்கிறேன். வருகிற முகங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். மே 11க்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த வருடம் வேறு ஆட்டத்துக்கே போகாதவர்களாக இருக்கலாம். ஆனாலும் வந்தார்கள். லவுத்துக்கு எதிரில் மீத் என்றதும் வந்தார்கள்.

அடுத்தது எங்கள் ஊர். டிரோகெடா பாய்ன் ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற ஊர். தெற்கே கொஞ்ச தூரம் போனால் ஊர் முடிவதற்குள் மீத் கவுண்டி வந்துவிடும். என் மகனுடைய வகுப்பில் சிவப்பு ஜெர்சியும் பச்சை ஜெர்சியும் ஒரே பெஞ்சில் உட்காரும். ஒரே பேருந்தில் வரும் பிள்ளைகள். இந்த வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். ஆசிரியர், எலக்ட்ரீஷியன், மாணவர், இப்படிப்பட்டவர்கள். நல்ல ஆட்டக்காரனைப் பணம் கொடுத்து வாங்கவும் முடியாது. பிறந்து வளர்ந்த கவுண்டிக்குத்தான் ஆடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த கரைக்காரனை வெல்வதைவிட டேபிளில் மூன்றாவது இடம் பெரியதா?

இந்த வருடம் 20 வயதுக்கு உட்பட்டோர் லென்ஸ்டரையும் லவுத்தான் எடுத்தது. அந்தப் பையன்கள் அகில அயர்லாந்து இறுதி வரை போய் டைரோனிடம் தோற்றார்கள். பதினான்கு வருடம் நசுக்கப்பட்டு வளர்ந்த தலைமுறை என்று சொன்னீர்களே, அந்தத் தலைமுறைதான் இது.

ஹில்16 | 16 ஜூலை, காலை 9.00

அக்கா சொன்ன கூட்டக் கணக்கை நானும் பார்த்தேன். டப்ளின் இல்லாத இறுதிக்கு டப்ளின் இருந்த இறுதியைவிட அதிகம் பேர். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் பலர் லென்ஸ்டர் இறுதிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள், முடிவு தெரிந்த ஆட்டம் என்று. நாங்களே இதை மதிக்காமல் விட்டோம். அதைச் சொல்லாமல் நேற்று எழுதியது சரியில்லை.

அட்டவணைக்காரன் | 28 ஜூலை, காலை 10.15

இரண்டு வாரம் எழுதவில்லை, ஆனால் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று இறுதி முடிந்தது. கெர்ரி 1-26, டோனகல் 0-19. எனக்கு எதிரான சான்றையும் நானே வைக்கிறேன். இறுதிக்கு வந்த இருவருமே மாகாண சாம்பியன்கள். கெர்ரி மன்ஸ்டர், டோனகல் அல்ஸ்டர். மாகாணம் வென்றால் கோடை பின்னால் கெட்டுவிடும் என்பது போல நான் எழுதியது பொதுவாகப் பொருந்தாது. லவுத் கெட்டது லவுத்தின் கதை. மூன்று மாதம் ஒரே நாளை நோக்கி ஓடிய அணி, அந்த நாள் வந்த பிறகு இரண்டே வாரத்தில் மறுபடி எழுந்து ஓட வேண்டியிருந்தது.

ஆனால் இங்கேதான் என் வாதம் இன்னும் நிற்கிறது, இன்னும் பலமாகவே நிற்கிறது என்று நினைக்கிறேன். 68 வருடம் காத்திருந்து எடுத்த கோப்பையைக் கொண்டாட லவுத்துக்குக் கிடைத்தது பதின்மூன்று பதினான்கு நாள். மார்ச் கடைசியில் லீக் இறுதி, அடுத்த வாரமே மாகாணத் தொடக்கம், மே நடுவில் முடித்துவிட்டு உடனே குரூப் ஆட்டங்கள். நீங்கள் எல்லாரும் சொல்கிற அளவுக்கு இது பெரியது என்றால், அதை இப்படி நெருக்கி வைப்பதுதான் அவமதிப்பு. தனியாக எடுத்து, தன் காலில் நிற்கிற போட்டியாக வையுங்கள். அகில அயர்லாந்து இடத்தை லீக் முடிவு செய்யட்டும். அப்போது லவுத், டோனகலிடம் தோற்றார்களே என்று என்னைப் போன்றவர்கள் கேட்கவே முடியாது.

பாய்ன்கரை | 28 ஜூலை, மதியம் 12.30

தனியாக எடுத்தால் பெரிய அணிகள் இரண்டாம் அணியை அனுப்பும், தம்பி. ஜனவரியில் மாகாணங்கள் நடத்துகிற குளிர்காலக் கோப்பைகளில் அதைத்தானே செய்தார்கள்? பிறகு 2025 மாதிரி ஒரு ஏப்ரல் வரும்போது, 'டப்ளின் முழு அணியோடு ஆடவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். மீத் வென்றதும் வெற்றி ஆகாது, நாங்கள் வென்றதும் வெற்றி ஆகாது. தோற்றால் இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

நாட்கள் போதவில்லை என்று சொன்னதை மட்டும் முழுதாக ஏற்கிறேன். இன்னும் ஒரு மாதம் கிடைத்திருக்கலாம்.

அட்டவணைக்காரன் | 28 ஜூலை, மதியம் 1.10

இரண்டாம் அணி என்ற ஆபத்து உண்மைதான். அதற்கு என்னிடம் இப்போது முழுப் பதில் இல்லை, விதியால் கட்ட முடியுமா என்று யோசிக்கிறேன். மன்ஸ்டர் இறுதியில் கிளேரைப் பதினொரு பாயிண்டில் தோற்கடிக்கிற அமைப்பை மட்டும் நான் ஏற்கப் போவதில்லை.

நாவன்வாசி | 28 ஜூலை, இரவு 11.05

தம்பி, உங்கள் கேள்வி. ஜூலையைக் கொடுத்து மே மாதத்தை வாங்குவேனா?

கெர்ரியை வென்ற நாள் நான் மைதானத்தில் இருந்தேன். நேற்று கோப்பை எடுத்த அதே கெர்ரியை ஒன்பது பாயிண்டில் வென்றோம். கோல்வே ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை நான் உட்கார்ந்து பார்க்கவில்லை, நின்றுகொண்டே பார்த்தேன், பக்கத்தில் என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொன்று. டப்ளினை மீத் வென்றதை வாழ்க்கையில் முதல் முறை பார்த்ததும் இந்த வருடம்தான். இவை எல்லாம் ஒரு கோடையில் கிடைத்தன. நேற்று கெர்ரி கோப்பையைத் தூக்கியபோது, இவர்களை நாம் அடித்தோம் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் கேட்டது, 'அப்பா, நம்மிடம் என்ன இருக்கிறது?'

டோனகலிடம் தோற்ற அந்த அரையிறுதியை இன்றே கொடுத்துவிடுவேன், யோசிக்க மாட்டேன். கோல்வே ஆட்டத்தையும் கொடுப்பேன். கெர்ரியை வென்ற நாளைக் கேட்டால் கை கொஞ்சம் நடுங்கும், ஆனாலும் கொடுப்பேன். டப்ளினை வென்ற ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கொடுக்க மாட்டேன். அதுவும் மாகாணப் போட்டியில்தான் நடந்தது.